கொட்டியாரக் குடாவும் அந்நியக் கப்பல்களும்



உலக வரைபடத்தில் ஊசிமுனையால் குத்தினாற்போல் கிடக்கும் ஒரு கடற்குடாவுக்கு எத்தனை நாடுகளின் கொடிகள் வந்து போயின என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். போர்த்துக்கேயர் வந்தனர். ஒல்லாந்தர் வந்தனர். டென்மார்க்கு நாட்டவர் வந்தனர். பிரான்சியர் வந்தனர். ஆங்கிலேயர் வந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் கோட்டை கட்டினார்கள், அல்லது முன்னவர் கட்டியதை இடித்தார்கள். அந்தக் குடாதான் கொட்டியாரக் குடா. அதன் வடகரையில் திருகோணமலை, தென்கரையில் மூதூர், மேற்கே உள்வாங்கிய நீர்ப்பரப்பின் வாயிலில் எனது ஊராகிய கிண்ணியா.

பாடசாலையில் நாங்கள் படித்த சரித்திரத்தில் கொழும்பு இருந்தது, கண்டி இருந்தது, யாழ்ப்பாணம் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் கிடந்த கடலுக்கு ஒரு பத்தி கூட இருக்கவில்லை. ஆயின், 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கடிதங்களைப் புரட்டினால் கொட்டியாரம் என்ற பெயர் மீண்டும் மீண்டும் கண்ணிற் படுகின்றது. ஏன் இந்த ஆர்வம்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தையும் காற்றையும் பார்ப்போம். இந்தியாவின் கிழக்குக் கரை நெடுகிலும் பெரிய மரக்கலங்கள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அரிது. சென்னப்பட்டணத்தில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கவேண்டியிருந்தது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் அங்கே நிற்கும் கப்பல் நாசம். மறுபக்கக் கரையிலுள்ள பம்பாய்க்கு ஓடவேண்டும், அல்லது திருகோணமலைக்கு ஒதுங்கவேண்டும். மலைகளால் சூழப்பட்டு, ஆழம் மிகுந்து, எந்தப் பருவக்காற்றுக்கும் அசையாத உள்துறைமுகம் திருகோணமலையுடையது. வங்காளக் கடலை ஆளவிரும்பிய எவருக்கும் அது இன்றியமையாததாயிற்று.

ஆனால் துறைமுகம் மட்டும் இருந்தாற் போதுமா? கப்பலில் இருப்பவனுக்குச் சோறு வேண்டும், குடிநீர் வேண்டும், முறிந்த பாய்மரத்துக்குப் பதில் மரம் வேண்டும். இவையெல்லாம் இருந்தது எதிர்க்கரையில். மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரத்தில் நெல் விளைந்தது, காடு அடர்ந்திருந்தது, கண்டி இராச்சியத்துக்குப் போகும் வழி திறந்திருந்தது. ஆகவே திருகோணமலை கப்பலுக்குத் துறை என்றால், கொட்டியாரம் மன்னனுக்குத் துறை. ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டவர் எவரும் இக்குடாவில் நிலைத்ததில்லை. இந்த உண்மையை மனத்திற் கொண்டால் பின்வரும் கதை முழுவதும் விளங்கும்.

1602இல் ஒல்லாந்த மாலுமி யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். போர்த்துக்கேயரை விரட்ட ஒரு துணை வேண்டும் என்பது மன்னனின் ஏக்கம். கறுவா வேண்டும் என்பது வந்தவரின் ஏக்கம். பத்தாண்டுகளின் பின் 1612இல் செனரத் மன்னனுக்கும் மார்செலிஸ் பொஸ்கவர் என்ற ஒல்லாந்த முகவருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி கொட்டியாரத்தில் ஒல்லாந்தர் ஒரு சிறு கோட்டை எழுப்பத் தொடங்கினர். செய்தி எட்டியதும் போர்த்துக்கேயர் படை அனுப்பி அதனை அந்த ஆண்டிலேயே அழித்துவிட்டனர். குடாவின் முதல் ஐரோப்பியக் கோட்டை எழுந்த வேகத்திலேயே மண்ணாயிற்று.

பொஸ்கவரின் கதை அத்தோடு முடியவில்லை. கண்டி அரசவையில் பட்டமும் பதவியும் பெற்றிருந்த அவர், மன்னனின் தூதராக ஐரோப்பா திரும்பினார். சொந்த நாட்டவர் அவரை மதிக்கவில்லை. மனம் வெதும்பியவர் டென்மார்க்கு அரசன் நான்காம் கிறிஸ்தியானிடம் சென்று, 1618இல் உடன்படிக்கை செய்து, கப்பல்களோடு புறப்பட்டார். வழியிலேயே அவர் இறந்து போனார். ஓவ் கியெட் என்ற இளம் தளபதியின் தலைமையில் 1620இல் டேனியக் கப்பல்கள் இக்கரையை அடைந்தன. செனரத் மன்னனோ பொஸ்கவர் செய்த வாக்குறுதிகளுக்குத் தான் பொறுப்பல்ல என்றான். புதிய பேச்சுகள் நடந்தன. திருகோணமலையில் டேனியர் சிறிதுகாலம் வேலையும் தொடங்கினர். ஆனால் அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியில் இடம் கிடைத்துவிட்டது. அவர்கள் மனம் அங்கே சென்றது.

இலக்கிய நேயர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். அந்தத் தரங்கம்பாடியில்தான் பின்னாளில் சீகன்பால்கு அச்சகம் நிறுவினார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்ததும் அங்கேதான். டேனியர் நமது குடாவிலேயே தங்கியிருந்தால் தமிழ் அச்சின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கும்? நடக்காததைப் பற்றிப் பேசுவது வரலாறாகாது. ஆயினும், ஒரு கப்பல் எந்தக் கரையில் தங்கியது என்பது நூறாண்டு கழித்து ஒரு மொழியின் புத்தகங்களைக் கூடத் தீர்மானிக்கும் என்பதை இச்சம்பவம் காட்டுகின்றது.

இப்படி ஒவ்வொருவராக வந்து போவதைக் கண்ட போர்த்துக்கேயர் விழித்துக்கொண்டனர். தளபதி கொன்ஸ்டன்டைன் டி சா, 1620களில் சுவாமிமலையின் மீதிருந்த கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே முக்கோண வடிவிலான கோட்டையைக் கட்டினார். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தேவாரத்தில் போற்றிய தலம் அது. கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்த கல் இன்றும் நிற்கின்றது. கற்களுக்கு நாவிருந்தால் அது எவ்வளவோ கூறும். நான் முஸ்லிம் ஊரொன்றிற் பிறந்தவன். ஆயினும் அந்த வாயிலைக் கடக்கும்போதெல்லாம் என் கண் அக்கல்லைத் தேடாமல் விட்டதில்லை. ஒரு சமூகத்தின் வணக்கத்தலம் இன்னொருவனின் மதிலாக்கப்பட்டதற்குச் சாட்சியாக நிற்பதை எந்தச் சமயத்தவனும் துயரோடு பார்க்கலாம். போர்த்துக்கேயரின் கெடுபிடியால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குச் செனரத் மன்னன் 1626 அளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியிருக்க இடமளித்தான் என்ற செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். இரு சமூகத்தவருக்கும் அக்காலத் துயரம் ஒரே கையாலேயே வந்தது.

டி சா 1630இல் ரந்தெனிவெலப் போரில் கண்டிப் படையினரால் கொல்லப்பட்டார். 1638இல் இரண்டாம் இராசசிங்க மன்னன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். அந்த ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. 1639 மே மாதத்தில் அன்ரனி கான் என்ற ஒல்லாந்தத் தளபதி திருகோணமலையைக் கைப்பற்றினார். உடன்படிக்கையை மதித்து அதனை மன்னனிடம் கையளித்தனர், கோட்டையும் இடிக்கப்பட்டது. அடுத்த கால் நூற்றாண்டுக் காலம் இக்குடா மீண்டும் கண்டி மன்னனின் கையில் இருந்தது. இந்த இடைவெளியில்தான் கொட்டியாரத்தின் பெயர் உலக இலக்கியத்தில் ஏறிய சம்பவம் நிகழ்ந்தது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே வீசிய புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கம்பனிக் கப்பல் பெரிய பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் நாட்டுவதற்காக அது கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது. வெறுங்கப்பலாக வரவில்லை. பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் துணிச் சரக்கோடு அதில் வந்து இறங்கினர். இந்தச் சிறு தகவலை நான் மிகப் பெறுமதியானதாகக் கருதுகின்றேன். பறங்கிப்பேட்டை வணிகனுக்குக் கொட்டியாரம் புதிய ஊரல்ல, அவனது வழக்கமான சந்தை என்பதை அது சொல்லாமற் சொல்கின்றது. ஐரோப்பியன் 'கண்டுபிடித்த' துறைக்கு நம்மவர்கள் துணிமூட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

கப்டன் றொபட் நொக்ஸும் அவரது மகனான 19 வயது இளைஞனும் கப்பலில் இருந்தனர். மகனின் பெயரும் றொபட் நொக்ஸ்தான். முதலில் ஊராரிடம் அச்சமாகவே பழகினார்களாம். இருபது நாட்கள் வரை தடையின்றிக் கரைக்கும் கப்பலுக்கும் போய்வந்த பின், ஊர்த் தலைவனும் நல்வரவு கூறவே, ஐயம் நீங்கிற்று என்று மகன் பின்னாளில் எழுதினார். இந்த இடத்தில்தான் தவறு நேர்ந்தது. நாட்டின் அரசனுக்கு ஒரு கடிதமோ காணிக்கையோ கப்டன் அனுப்பவில்லை. இரண்டாம் இராசசிங்கன் தன் மரியாதையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்காதவன். தன் துறையில் தன்னைக் கேளாமல் வந்து தங்கிய கப்பலை அவன் எப்படிப் பார்த்திருப்பான்? படையோடு ஒரு திசாவை வந்தார். 1660 ஏப்ரலில், புளியமரத்தடியில் இருந்த கப்டன் சிறைப்பட்டார். மகனும் பிறரும் அடுத்தடுத்துப் பிடிபட, மொத்தம் 16 பேர் கைதிகளாயினர்.

கப்பலையும் வசப்படுத்த விரும்பிய திசாவை, மகனைத் தூது அனுப்பினார். தந்தையோ மகனிடம் இரகசியமாக வேறொன்று கூறினார்: கப்பலைக் காப்பாற்று, ஆனால் என்னைத் தனியே விட்டுவிடாதே, திரும்பி வா. மகன் கப்பலுக்குச் சென்றான். அங்கே தங்கியிருந்தால் உயிரும் விடுதலையும் நிச்சயம். அவன் தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காத்துக் கரைக்குத் திரும்பினான். கப்பல் ஒருநாள் பாய்விரித்துப் போய்விட்டது. தந்தை 1661 பெப்ரவரியில் காய்ச்சலால் மாண்டார். மகன் பத்தொன்பதாண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் தொப்பி பின்னியும், நெல் கடன் கொடுத்தும், ஊரூராகச் சரக்கு விற்றும் வாழ்ந்து, 1679இல் மல்வத்து ஓயா வழியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினான். 1681இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது. உழவும் உணவும், சட்டமும் சமயமும் என அன்றைய கண்டி நாட்டை அவ்வளவு நெருக்கமாகச் சித்திரித்த வெளிநாட்டார் நூல் வேறில்லை எனலாம். டானியல் டீபோ தமது 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையை எடுத்தாண்டிருப்பதும் ஆங்கில இலக்கியம் அறிந்தோர் அறிந்ததே. மூதூரில் அந்தப் புளியமரத்தடியில் 1893இல் ஆங்கில அரசு ஒரு நினைவுக் கல்லையும் நாட்டியது.

நேயர்களே, என் மனத்தை உறுத்தும் கேள்வி இதுதான். நொக்ஸோடு வந்திறங்கிய பறங்கிப்பேட்டை வணிகர் என்ன ஆனார்கள்? இருபது நாள் அவர்களுக்கு மீனும் அரிசியும் விற்ற கொட்டியாரத்துப் பெண்கள் அன்று மாலை வீடு திரும்பி என்ன பேசியிருப்பார்கள்? சிறைப்பட்டவன் புத்தகம் எழுதினான். அவனுக்குக் கல் நாட்டப்பட்டது. கரையில் நின்றவர்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைக்கவில்லை. கவிராச வரோதயனுடையதாகக் கூறப்படும் 'கோணேசர் கல்வெட்டு' ஆலயத் தொழும்புகளையும் குளக்கோட்டன் மரபையும் பேணித் தந்தது. அது நமது பெருஞ்செல்வம். ஆனால் துறையில் நின்ற தோணிக்காரனின் கதை அதன் நோக்கமன்று. அந்த இடத்தை நெடுங்காலத்தின் பின் ஓரளவு நிரப்பியவர் மூதூர் தந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம். அவரது 'தோணி' சிறுகதையை வாசித்தோர் இக்கரை மாந்தரின் ஆசை எத்தகையது என்பதை அறிவர்.

கதைக்குத் திரும்புவோம். 1665இல் ஒல்லாந்தர் திருகோணமலையை மீண்டும் பிடித்தனர். சில ஆண்டுகளில் கொட்டியாரமும் அவர்களிடம் வீழ்ந்தது. மன்னனை உள்நாட்டில் அடைத்து வைப்பது, தென்னிந்திய வணிகரின் சுதந்திரமான வரவை நிறுத்துவது, உப்பும் துணியும் தம் கையாலேயே போகச் செய்வது என்பது ஒல்லாந்தத் தலைவர் றைக்லொப் வன் கூன்ஸின் திட்டம். ஒரு துறையை மூடினால் ஓர் ஊரின் அடுப்பு அணையும். கோட்டைகளின் வரலாற்றில் பீரங்கிகளின் எண்ணிக்கை உண்டு. அணைந்த அடுப்புகளின் எண்ணிக்கை இல்லை.

இராசசிங்கன் சும்மா இருக்கவில்லை. ஒரு முள்ளை இன்னொரு முள்ளால் எடுக்க நினைத்தான். 1672 மார்ச்சில் டி லா ஹேயின் தலைமையில் பிரான்சியக் கப்பற்படை குடாவினுள் நுழைந்தது. இத்திட்டத்தின் பின்னால் இருந்தவர் பிரான்சுவா கரோன். இவரும் ஒரு விசித்திர மனிதர். ஒல்லாந்தக் கம்பனியில் யப்பானில் நெடுநாள் பணியாற்றியவர். 1644இல் நீர்கொழும்பை ஒல்லாந்தருக்குப் பிடித்துக் கொடுத்தவர். பின்னர் அணி மாறிப் பிரான்சிய அரசனுக்கு இந்தியக் கடலின் இரகசியங்களைச் சொல்லிக் கொடுத்தவர். மன்னன் திருகோணமலையையும் கொட்டியாரத்தையும் பிரான்சியருக்கு அளித்தான். அவர்கள் குடாவின் தீவுகளிலும் கொட்டியாரப் பக்கத்திலும் அரண் அமைத்தனர். ஆயினும் உணவு போதவில்லை, நோய் பரவியது. வன் கூன்ஸின் கப்பல்கள் வந்து வழிமறித்தன. ஜூலையில் டி லா ஹே புறப்பட்டுப் போனார். விட்டுச் சென்ற சிறு காவற்படை ஒல்லாந்தரிடம் பிடிபட்டது. அவர் நேரே சென்று மயிலாப்பூரையடுத்த சாந்தோமைக் கைப்பற்றி, 1674 வரை அங்கே முற்றுகைக்குள் கிடந்து, அதையும் இழந்தார். அந்தக் குழப்பத்தில் மிஞ்சிய பிரான்சியருக்குக் கிடைத்த இடமே புதுச்சேரி. திருகோணமலையில் கைகூடாத கனவுதான் புதுச்சேரியாக முளைத்தது எனக் கூறின் மிகையாகாது. மன்னனிடம் தூதுபோன லனரோல் என்பவர் கண்டியிலேயே சிறைப்பட்டுத் தங்கிவிட்டார். அப்பெயர் இன்றும் இலங்கையில் ஒரு குடும்பப் பெயராக வாழ்கின்றது.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஒல்லாந்தர் ஆட்சி. உள்துறைமுகத்தின் வாயிலில் ஒஸ்ரன்பேர்க் கோட்டை காவல் நின்றது. 1766இல் கண்டியோடு செய்த உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்குரியதாயிற்று. 1786இல் வன் சென்டன் என்ற ஒல்லாந்த அதிகாரி கொட்டியாரம், தம்பலகாமம் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். துப்பாக்கியோடு வந்தவர்களில், வயலையும் குளத்தையும் உற்றுப் பார்த்தவர் என்பதனால் அவரை நாம் நினைவு கூரலாம்.

இனி, இக்குடாவை உலகப் போரரங்கில் கொண்டுபோய் நிறுத்திய 1782ஆம் ஆண்டுக்கு வருவோம். இதற்கான வேர் அமெரிக்காவில் இருக்கின்றது.

வட அமெரிக்காவின் தென்கிழக்கில் ஜோர்ஜியா என்றொரு மாநிலம். 1733இல் ஒகிள்தோர்ப் என்ற ஆங்கிலத் தளபதி அங்கே சவானா நகரை நிறுவினார். வடக்கே ஆங்கிலேயரின் கரோலினா, தெற்கே ஸ்பானியரின் புளோரிடா. இரண்டுக்கும் நடுவே ஒரு காவல் நிலமாகவே அக்குடியேற்றம் அமைந்தது. அந்நிலத்துக்குரிய பழங்குடியினரின் தலைவர் தொமொச்சிச்சி நட்புக்கரம் நீட்டியதனாலேயே ஒகிள்தோர்ப் அங்கே வேரூன்ற முடிந்தது. 1736இல் சென் சைமன் தீவில் ஒரு கோட்டை எழுந்தது. வேல்ஸ் இளவரசர் பிரெட்ரிக்கின் பெயரால் அதற்குப் பிரெட்ரிக்கா எனப் பெயரிட்டனர். 1742இல் ஸ்பானியர் படை அத்தீவிலேயே முறியடிக்கப்பட்டது. நமது திருகோணமலைக் கோட்டைக்கு 1803இல் ஆங்கிலேயர் சூட்டிய பெயர் பிரெட்ரிக் கோட்டை. இது அந்த இளவரசரின் பேரனான யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர். பாட்டனுக்கு அமெரிக்காவில் ஒரு கோட்டை, பேரனுக்கு நமது ஊரில் ஒரு கோட்டை! இரு பிரெட்ரிக்குகளும் தம் பெயர் தாங்கிய அந்த மண்ணை மிதித்ததில்லை.

அமெரிக்கக் குடியேற்றங்கள் சுதந்திரப் போர் தொடங்கியபோது பிரான்சு அவற்றுக்குத் துணை நின்றது. 1779இல் தெஸ்தாங் என்ற பிரான்சியத் தளபதி சவானாவை முற்றுகையிட்டுத் தோற்றார். அவரது கப்பற்படையில் அமெரிக்கக் கடலில் பணியாற்றிய ஒரு கப்டனின் பெயர் சப்ரென். ஒல்லாந்தரும் அமெரிக்கக் கிளர்ச்சிக்காரரோடு வாணிபம் செய்தனர் என்ற சினத்தால் 1780 டிசம்பரில் ஆங்கிலேயர் அவர்கள்மீதும் போர் தொடுத்தனர். அந்தப் போரின் அலை பதின்மூன்றே மாதங்களில் நமது கரையை அடைந்தது. 1781 நவம்பரில் நாகபட்டினத்தைப் பிடித்த அட்மிரல் எட்வேர்ட் ஹியூஸ், 1782 ஜனவரி 5ஆம் திகதி திருகோணமலைக் கோட்டையையும், 11ஆம் திகதி ஒஸ்ரன்பேர்க்கையும் கைப்பற்றினார். கண்டி மன்னனின் நட்பை நாடி ஹியூ பொய்ட் என்பவர் தூது அனுப்பப்பட்டார். ஒன்றும் பலிக்கவில்லை.

ஓகஸ்ட் 25ஆம் திகதி குடாவில் தோன்றியவர் சப்ரென். ஒரு வாரம் முடியுமுன் கோட்டைகள் அவர் வசமாயின. செப்டெம்பர் 2ஆம் திகதி ஹியூஸ் உதவிக்கு விரைந்து வந்து பார்த்தபோது கோட்டைமீது பறந்தது பிரான்சியக் கொடி. மறுநாள் ஆங்கிலேயரின் 12 போர்க்கப்பல்களும் பிரான்சியரின் 14 போர்க்கப்பல்களும் வெளிக்கடலில் மோதின. இரு பக்கமும் பெருஞ்சேதம். வெற்றி எவர்க்கும் முழுமையாக இல்லை. 1783இல் கூடலூர்க் கடலில் இறுதியாக மோதிக்கொண்டபோது ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதற் கையொப்பங்கள் இடப்பட்டு மாதங்கள் கடந்திருந்தன. செய்தி கப்பலில் வரவேண்டுமே! முடிந்துபோன போருக்காக மாலுமிகள் மாண்டார்கள். துறைமுகம் ஒல்லாந்தரிடம் மீண்டது. எட்டே மாதத்தில் மூன்று கொடிகளைக் கண்ட மக்கள், காலையில் எழுந்ததும் இன்று கோட்டையில் எவன் என்று பார்த்துவிட்டுத்தான் வலை எடுத்திருப்பார்கள்.

1795 ஓகஸ்டில் கேணல் ஸ்டுவர்ட்டும் அட்மிரல் றெய்னியரும் வந்து, அம்மாதம் முடியுமுன் இரு கோட்டைகளையும் பிடித்தனர். 1802ஆம் ஆண்டு அமியன்ஸ் உடன்படிக்கை இலங்கையின் கரையோரங்களை ஆங்கிலேயருக்கு உறுதியாக்கிற்று. அடுத்த ஆண்டே கேணல் பார்பட்டின் படை திருகோணமலையிலிருந்து கண்டிமீது புறப்பட்டது. அது பேரழிவில் முடிந்தது. 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிவரை சென்ற கப்டன் ஜோன்ஸ்டன், காட்டு வழியே போராடிப் பின்வாங்கி வந்து சேர்ந்ததும் திருகோணமலைக்கே. 1817இல் பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பட்ட ஓர் ஆங்கிலப் போர்க்கப்பலுக்குத் 'திருகோணமலை' என்றே பெயரிட்டனர். அது இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் மிதக்கும் அரும்பொருளாகக் காக்கப்படுகின்றது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு பொழிந்தன. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

அந்நியர் போனதும் படைகள் போயினவா? இல்லை. நாம் வாழ்ந்த காலத்திலேயே உள்நாட்டுப் போர் இக்குடாவை வளைத்துக்கொண்டது. 2006இல் மாவிலாற்றிலிருந்து மூண்ட சண்டை மூதூரைச் சூழ்ந்தபோது, தமிழரும் முஸ்லிம்களுமாக ஆயிரக்கணக்கானோர் கைப்பிள்ளைகளோடு ஊரைவிட்டு ஓடினர். நொக்ஸ் சிறைப்பட்ட அதே கரை. அந்த ஓட்டத்தையும் எழுதியவர் சிலரே. எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதை 1660 நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றது. ஒருவன் வந்து எழுதுவான். அவன் பார்த்ததே நமது சரித்திரமாகும். நமது நினைவுகளை நாமே எழுதாதபோது, ஒவ்வொரு சமூகத்தவரும் மற்றவரைப் பற்றிக் கேள்விப்பட்டதையே வரலாறென்று நம்பத் தொடங்குவர். இம்மாவட்டத்தில் அதன் விலை என்னவென்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் துறையடியில் பாதைக்காகக் காத்துநின்ற தலைமுறையினர் நாங்கள். அந்தக் காத்திருப்பில்தான் மூத்தவாப்பாமார் கதை சொன்னார்கள். எந்தக் காற்றில் எந்தக் கப்பல் உடைந்தது, எந்த மேட்டில் பீரங்கிக் குண்டு கிடந்தது, எந்தத் துறைக்கு ஏன் அப்பெயர் வந்தது என்றெல்லாம் சொன்னார்கள். இப்போது பாலத்தில் மோட்டார் சைக்கிள் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகின்றது. கடப்பது நல்லதே. நோயாளியைச் சுமந்துகொண்டு பாதைக்குக் காத்திருந்தவனுக்குத்தான் பாலத்தின் அருமை தெரியும். ஆனால் கதை சொல்லும் இடம் ஒன்று இல்லாமற் போயிற்று.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், வெருகல், சம்பூர் எங்கும் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் சென்று துறைகளின் பெயரையும், குளங்களின் பெயரையும், தோணிகளின் வகையையும், காற்றுகளின் குணத்தையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தமிழ் ஊரவர் முஸ்லிம் ஊருக்கும், முஸ்லிம் ஊரவர் தமிழ் ஊருக்கும், இருவரும் சிங்கள ஊருக்கும் போய்க் கேளுங்கள். ஒரே துறைக்கு மூன்று கதைகள் இருக்கலாம். மூன்றையும் எழுதுங்கள். ஒன்றை அழித்து ஒன்றை நாட்டும் வேலையை டி சாவே போதுமான அளவு செய்துவிட்டார்.

பறங்கிப்பேட்டையிலிருந்து துணிமூட்டையோடு கொட்டியாரத்தில் இறங்கிய அந்த வணிகனின் பெயர் நமக்குத் தெரியாது. அவனுக்குப் பின்வந்தவர்களின் பெயராவது அந்தக் கொப்பியில் இருக்கட்டும்.